308 எங்கிருந்து வந்தது? புறப்பரப்புக் கணக்கில் மறையும் வட்டங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். உருளை, கூம்பு, கோளம் எல்லாச் சூத்திரமும் தலைகீழாய்ச் சொல்வாள். ஆனால் கூட்டுருவம் வந்தால் விடை தப்பிவிடுகிறது. 'அரைக்கோளத்தின் மேல் அதே ஆரமுள்ள கூம்பு பொருத்திய பொம்மை. ஆரம் 7 செ.மீ, மொத்த உயரம் 31 செ.மீ. புறப்பரப்பு என்ன?' என்ற கணக்குக்கு 1166 ச.செ.மீ என்று போட்டாள். விடைக்குறிப்பில் 858. எங்கே தவறு? கூட்டுருவங்களுக்கென்றே சூத்திரத் தொகுப்பு விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: முதலில் 1166-லிருந்து 858-ஐக் கழியுங்கள். 308 வரும். 7 செ.மீ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 154. அதைப் போல இரண்டு மடங்குதான் இந்த 308.

அதாவது மகளின் பெருக்கலில் பிழை இல்லை. கூம்பின் மொத்தப் புறப்பரப்பு 704, அரைக்கோளத்தின் மொத்தப் புறப்பரப்பு 462, இரண்டையும் கூட்டியிருக்கிறாள். கூம்பின் அடிவட்டமும் அரைக்கோளத்தின் தட்டையான முகமும் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே போய்விட்டன. வெளியே தெரியாத அந்த வட்டத்தைக் கூம்புக்கு ஒரு தடவை, அரைக்கோளத்துக்கு ஒரு தடவை எண்ணிவிட்டாள்.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னால் முகங்களை எழுதச் சொல்லுங்கள். பொருளைக் கையில் பிடித்து வெளிப்பக்கம் முழுக்க விரலால் தடவினால் என்னென்ன படும்? இந்தப் பொம்மையில் இரண்டே: கூம்பின் வளைபரப்பு, அரைக்கோளத்தின் வளைபரப்பு. வேறு எதற்கும் இங்கே வேலை இல்லை. 22/7 × 7 × 25 = 550. 2 × 22/7 × 49 = 308. கூட்டினால் 858.

அந்த 25 எப்படி வந்தது என்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. 31 என்பது பொம்மையின் உயரம், கூம்பின் உயரம் அல்ல. அரைக்கோளம் தன் ஆரமான 7 செ.மீ-ஐ எடுத்துக்கொள்கிறது; மீதி 24. சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடிவிளிம்பு வரை சரிவாக அளந்தால் வரும் நீளம், √(7² + 24²) = 25. இதில் மகள் தவறு செய்யவில்லை, பாராட்டுங்கள். பலர் நேர் உயரத்தையே சாயுயரமாகப் போட்டு 550-க்குப் பதில் 528 வாங்குகிறார்கள்.

ஏன் சாயுயரம் என்பது விளங்காவிட்டால் அட்டையில் 25 செ.மீ ஆரத்தில், ஏறத்தாழ 101 டிகிரிக்கு ஒரு வட்டக்கோணப்பகுதியை வெட்டி, இரு நேர்விளிம்புகளையும் சேர்த்து ஒட்டச் சொல்லுங்கள். அடி விட்டம் 14 செ.மீ, நேர் உயரம் 24 செ.மீ உள்ள கூம்பு கையில் இருக்கும். வெட்டும்போது ஆரமாக இருந்த 25-தான் இப்போது சரிவாக நிற்கிறது. வில்லாக இருந்த 44 செ.மீ அடிச்சுற்றளவாகிவிட்டது. வட்டக்கோணப்பகுதியின் பரப்பு வில்லையும் ஆரத்தையும் பெருக்கியதில் பாதி; ஆக 22 × 25, அதே 550.

இப்படிப் பார்த்தால் மனதில் நிற்க வேண்டியது நான்குதான்: செவ்வகம், வட்டம், கூம்பின் வளைபரப்பு πrl, கோளத்தின் 4πr² (r ஆரம், l சாயுயரம்). உருளையின் சுவரை நெடுக்கில் வெட்டி விரித்தால் 2πr நீளமும் h உயரமும் உள்ள செவ்வகம். அதற்குத் தனிச் சூத்திரம் எதற்கு? கோளம் மட்டும் விரித்தால் தட்டையாகப் படியாது. தன்னைச் சரியாக அடக்கும் உருளையின் வளைபரப்பு எவ்வளவோ கோளத்துக்கும் அவ்வளவே என்று ஆர்க்கிமிடீஸ் நிறுவியிருக்கிறார்: 2πr × 2r. இடைக்கண்டத்தின் (உச்சியை வெட்டிய கூம்பின்) புறப்பரப்பு என்பது பெரிய கூம்பின் வளைபரப்பிலிருந்து வெட்டிய சிறு கூம்பினதைக் கழித்து, இரு வட்டங்களைச் சேர்ப்பது. அதற்கு மேல் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது குடைந்தெடுத்த உருவங்களைப் பற்றி. இதில் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். 7 செ.மீ ஆரம், 24 செ.மீ உயரமுள்ள உருளையிலிருந்து அதே ஆரமும் உயரமும் உள்ள கூம்பைக் குடைந்துவிட்டார்கள். கன அளவு குறைகிறது, கழிக்கிறோம். பரப்பையும் கழிக்கத் தோன்றும். ஆனால் குடைந்த பள்ளத்துக்குள்ளும் விரல் போகும், அங்கே புதிதாக ஒரு சுவர் இருக்கிறது. வெளிச்சுவர் 1056, அடிவட்டம் 154, உள்ளே கூம்பின் வளைபரப்பு 550. மொத்தம் 1760. குடைவதற்கு முன் இருந்தது 1364தான். பொருள் குறைந்தது, பரப்பு கூடியது.

இன்னும் ஒன்று. 14 செ.மீ பக்கமுள்ள கனச்சதுரத்தின் ஒரு முகத்தில் 7 செ.மீ ஆரமுள்ள அரைக்கோளத்தை ஒட்டுகிறோம்: 1176 − 154 + 308 = 1330. ஒட்டாமல் அதே அளவுக்குக் குழியாகக் குடைந்தால்? அதுவும் 1330. மேடோ பள்ளமோ, ஒரு வட்டம் போய் ஒரு அரைக்கோளப் பரப்பு வருகிறது. இதைக் கேட்டு மகள் முகம் சுளிக்காமல் காரணம் சொல்லிவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

இனி அந்தத் தொகுப்பு. வாங்காதீர்கள். உங்கள் பொம்மைக்கு அதில் πr(l + 2r) என்று அச்சிட்டிருப்பார்கள். 22 × 39 = 858, சரியாகவே வரும். ஆனால் கூம்பின் ஆரம் அரைக்கோளத்தின் ஆரத்தைவிடச் சின்னதாக இருந்தால், ஒட்டாத இடத்தில் ஒரு வட்ட வளையம் வெளியே தெரியும். சூத்திரம் அந்த வளையத்தை விழுங்கிவிடும். எந்த நிபந்தனையில் செல்லும் என்று அந்தத் தொகுப்பில் எழுதியிருக்காவிட்டால் மகளுக்கு அது தெரியவே தெரியாது. படம் பிடித்தால் விடை தரும் செயலிகளையும் முதல் விடைக்கு நம்ப வேண்டாம். தானே போட்ட பிறகு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

தேர்வுமுறை மேலும் கெடுக்கிறது. சூத்திரத்துக்கு ஒரு மதிப்பெண், பிரதியிட ஒன்று, விடைக்கு ஒன்று என்று பிரித்தால், எந்த முகம் வெளியே தெரிகிறது என்று யோசித்ததற்கு என்ன மிச்சம்? 'தொட்டிக்கு வர்ணம் பூச ஆகும் செலவு' என்பார்கள், உள்ளேயா வெளியேயா, அடியும் சேர்த்தா என்று சொல்லமாட்டார்கள். கேள்வி தெளிவில்லாதபோது 'அடிப்பகுதி நீங்கலாக எனக் கொண்டேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.

கடைசியாக அலகு. சதுர மீட்டரில் கேட்டால் 858-ஐ 100-ஆல் வகுக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு 10,000 ச.செ.மீ, விடை 0.0858 ச.மீ.