கழுவுவதா, கேமரா வைத்துப் பார்ப்பதா?

கேள்வி: எனக்கு வயது 47. மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். எட்டு மாதமாக மாதவிலக்கு ஒழுங்கில்லை. வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கட்டி கட்டியாகப் போகிறது. வயிற்றின் மேல் வைத்து எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பை உள்சவ்வு 14 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. ஹீமோகுளோபின் 8.6. ஒரு டாக்டர், காப்புறுதி அட்டை இருப்பதால் வார்டில் சேர்ந்து கர்ப்பப்பையைக் கழுவிவிடலாம் என்கிறார். இன்னொருவர் கர்ப்பப்பைக்குள் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் புற்றுநோய் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு எடுக்கச் சொல்கிறார். என் அக்காவுக்கு 61 வயது. அவருக்கும் ரத்தம் பட்டது. சவ்வு 3 மி.மீ.தான் என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் பட்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: 14 என்ற எண்ணைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. விலக்கு நிற்காத பெண்ணுக்கு இந்தச் சவ்வு மாதாமாதம் வளர்ந்து உதிர்வது. விலக்குக்கு முந்தைய நாள்களில் 16 மி.மீ. வரை போனாலும் இயல்புதான். ரத்தம் நின்ற சில நாள்களுக்குள் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சிறு சதைவளர்ச்சி கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆனால் 45 வயதுக்கு மேல் இப்படிப் போகும்போது ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது. சவ்வின் வடிவத்தை ஸ்கேன் சொல்லும், செல்களின் குணத்தைச் சொல்லாது. அதற்குச் சவ்வில் துணுக்கு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பம் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, பைப்பெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி உறிஞ்சி எடுப்போம். பேனாவுக்குள் இருக்கும் மைக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அந்தப் பருமன்தான். மயக்க மருந்து வேண்டாம். விலக்கு வலி போல அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

இவ்வளவு எளிதான வேலையை விட்டுவிட்டு வார்டில் சேரச் சொல்வது ஏன்? நம் நாட்டுக் காப்புறுதி அட்டைகள் பெரும்பாலும் வார்டில் சேர்ந்தால்தான் பணம் கொடுக்கும். வெளிநோயாளியாக வந்து குழாய்ப் பரிசோதனை செய்தால் உங்கள் பணம், மயக்கம் கொடுத்துக் கழுவினால் காப்புறுதியின் பணம். எந்தப் பரிசோதனை என்பதை உடம்பைப் பார்த்து முடிவு செய்யாமல் அட்டையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்து மனம் வெந்துபோயிருக்கிறேன்.

"கழுவுதல்" என்ற சொல்லே ஏமாற்றுகிறது. உள்ளே கழுவ அழுக்கு எதுவும் இல்லை. கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுப்பதுதான் அது. பல நேரம் சவ்வில் பாதிகூடச் சுரண்டலில் வராது. சதைவளர்ச்சி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் கரண்டி அதைத் தாண்டிப் போய்விடும். கழுவிய பிறகும் ரத்தம் நிற்கவில்லை என்று ஒரு பெண் என்னிடம் வந்தார். கேமரா வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகம் அளவுச் சதை, சிவப்பாக, தொட்டால் ஆடியபடி அங்கேயே இருந்தது.

அதனால் உங்கள் வரிசை இதுதான்: முதலில் உள்வழி ஸ்கேன். சதைவளர்ச்சி தெரியவில்லை என்றால் பைப்பெல். சதை தெரிந்தாலோ, பைப்பெல்லில் மாதிரி போதவில்லை என்றாலோ, விடை வந்த பிறகும் ரத்தம் தொடர்ந்தாலோ கேமரா. கேமராவில் பார்த்த இடத்தையே வெட்டி எடுக்கலாம். ஆய்வுக்கூட முடிவு கைக்கு வரும் முன்பே "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு வேண்டவே வேண்டாம். அதில் புற்றுநோய்க் குறியீடாகப் பார்க்கும் சிஏ-125 என்ற எண் நார்க்கட்டி இருந்தாலும் ஏறும், விலக்கு நாளிலும் ஏறும். ரத்தம் ஏன் போகிறது என்பதற்கு அதில் விடை இல்லை. பாப் ஸ்மியரும் கர்ப்பப்பையின் வாயைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதைச் சொல்லாது. ஜார்ஜ்டவுனில் நோயாளிகளை அழைத்துவந்து கமிஷன் வாங்கும் முகவர்கள் இருக்கிறார்கள். தொகுப்பை விற்பவர் உங்கள் பயத்தை விற்கிறார். முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள், கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்) தான். செபராங் ஜெயா மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

அக்காவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. விலக்கு நின்றவருக்குச் சவ்வு 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு, உண்மை. ஆனால் அந்தக் கணக்கு முதல் தடவை ரத்தம் பட்டவருக்குத்தான். திரும்பவும் பட்டால் 3 மி.மீ. என்ற எண் செல்லாது. மெல்லிய சவ்விலேயே வளரும் புற்றுநோய் வகைகள் உண்டு, அவை வீரியமானவை. "ஏற்கெனவே ஸ்கேன் நன்றாக இருந்ததே" என்று மறுபடியும் திருப்பி அனுப்பினால் நகராதீர்கள். "இது இரண்டாவது தடவை, துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்று அக்காவைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு துளிதான் பட்டது என்றாலும் கணக்குதான். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.

உங்கள் ஹீமோகுளோபின் 8.6-க்கு இரும்புச்சத்து மாத்திரையை இன்றே தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், பரிசோதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, நேரம் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.