‘ஒண்ணும் தெரியாது சார்’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

கேள்வி: கல்லிடைக்குறிச்சி எனக்கு. பி.காம். முடித்து ஒரு வருஷம் ஆகிறது, கணக்கு எழுதும் மென்பொருளான டேலியும் படித்திருக்கிறேன். வீட்டில் அப்பளம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பாளையங்கோட்டையில் இரண்டு நேர்காணலுக்குப் போனேன். இரண்டிலும் ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள், ஒரு தகவலும் இல்லை. இங்கிலீஷ் வராததுதான் காரணமா? அடுத்த வாரம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குக் கணக்கு உதவியாளர் வேலைக்குப் போக வேண்டும். வேலை கிடைத்தால் அங்கே எப்படி நடந்துகொள்வது?

பதில்: இங்கிலீஷும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பல வருஷம் ஆள் எடுக்கும் மேசையில் உட்கார்ந்த எனக்கு வேறு சந்தேகம். ‘அக்கவுண்ட்ஸ்ல என்னம்மா தெரியும்?’ என்று கேட்டபோது என்ன பதில் சொன்னீர்கள்? நம் பக்கத்துப் பிள்ளைகள் சொல்வது எனக்கு மனப்பாடம்: “பெருசா ஒண்ணும் தெரியாது சார், சொல்லித் தந்தா படிச்சிக்கிடுவேன்.” பெரியவர்கள் முன்னால் தன்னைக் குறைத்துப் பேசுவது நம் வீடுகளில் மரியாதை. எதிரே இருப்பவர் வெளியூர்க்காரராக இருந்தால் அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழும். ‘ஒன்றும் தெரியாது’ என்று தாளில் குறித்துக்கொள்வார். அப்படி ஒரு பெண்ணை நானே கழித்திருக்கிறேன். ஒரு மளிகை மொத்தக் கடையின் முழுக் கணக்கையும் மூன்று வருஷம் அவள்தான் பார்த்தாள் என்று பிறகு தெரியவந்தது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு.

உங்கள் வீட்டு அப்பளக் கணக்கை யார் எழுதுகிறார்கள்? நீங்கள்தான் என்றால் அதுதான் உங்கள் அனுபவம். எத்தனை மூட்டை உளுந்து வந்தது, உருட்டித் தேய்க்கும் அக்காமாருக்கு எண்ணிக்கைக்கு எவ்வளவு கூலி, எந்தக் கடையில் எத்தனை நாளாகப் பாக்கி நிற்கிறது, மழையில் காயாமல் வீணானது எவ்வளவு: இதற்கெல்லாம் கம்பெனியில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கொள்முதல், கூலிப் பட்டியல், வர வேண்டிய பாக்கி, கழிவு. ஒரு மாசக் கணக்கை டேலியில் ஏற்றி, அச்செடுத்து, கையில் கொண்டுபோங்கள். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. விற்பனைக்கு வரி இல்லாததால், அதைத் தயாரிக்க வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியை வரவாக எடுக்கவும் முடியாது. இதை உங்கள் வீட்டுப் பில்லையே காட்டி விளக்கினால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். புத்தகத்தில் படித்தவர்கள் நிறையப் பேர் வருவார்கள். கணக்கைக் கையால் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு.

‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றதும் அப்பா பெயர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று போகாதீர்கள். படிப்பு ஒரு வாக்கியம், அப்பளக் கணக்கு மூன்று வாக்கியம், இந்த வேலை ஏன் வேண்டும் என்பது ஒரு வாக்கியம். இந்த ஐந்தை மட்டும் இங்கிலீஷில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள். அதற்கு மேல் தடுமாறினால், ‘தமிழ்ல விளக்கட்டுமா சார்?’ என்று கேட்கலாம். லெட்ஜர், வவுச்சர் எல்லாம் ஏற்கெனவே இங்கிலீஷ்தானே. தெரியாத கேள்வி வந்தால், ‘அது நான் செஞ்சதில்ல சார், இது செஞ்சிருக்கேன்’ என்று தெரிந்ததோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

‘கல்யாணம் பேசுதாங்களா?’ என்றும் கேட்பார்கள். கேட்கக்கூடாத கேள்விதான், எனக்கு அதில் கோபமே உண்டு. ஆனாலும் அங்கே சண்டை வேண்டாம். ‘வேலையைத் தொடரணும்ங்கறது என் முடிவு சார். தினமும் வந்துபோற வழியையும் பாத்துட்டேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள். இது உண்மையாக இருக்க வேண்டுமென்றால் முந்தின நாளே ஒரு தடவை போய் வாருங்கள். திருநெல்வேலியில் இறங்கி மதுரை ரோட்டில் வடக்கே போக வேண்டும். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து கம்பெனி வாசல் எவ்வளவு தூரம் என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும்.

சம்பளம் பேசும்போது கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். சேமிப்புக்குப் போகும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, கம்பெனி இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருந்தால், அதற்கு 0.75 சதவீதம் பிடிப்பார்கள். அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள். வேலைக்கு ‘டெபாசிட்’ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகும் இதே குணம்தான் இடறும், வேறு சொல்லில்: ‘சரி சார்.’ புரியாமலே சரி என்று தலையாட்டி, சீட்டில் போய் முழிப்பது. மேலாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்லப் பழகுங்கள். “ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் 20ஆம் தேதி கடைசி. நான் பில்லெல்லாம் சேத்து 17ஆம் தேதி உங்ககிட்ட காட்டுதேன், சரியா சார்?” தப்பாகப் புரிந்திருந்தால் அந்த நிமிஷமே திருத்திவிடுவார். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்த பதிவு மாசக் கடைசியில் எப்படியும் வெளியே வரும், அப்போது தப்பைவிட மறைத்ததுதான் பெரிதாகப் பேசப்படும்.

கடைத்தெருவில் முதலாளியை அண்ணாச்சி என்போம். கம்பெனியில் சார், மேடம் போதும். காவலாளி அண்ணனுக்கும் கூட்டுகிற அக்காவுக்கும் அதே ‘வாங்க, போங்க’ இருக்கட்டும்.

ஒன்று மட்டும் பொறுத்துப்போக வேண்டாம். யாராவது தகாதபடி பேசினாலோ தொட்டாலோ வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் தலைமையில் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமென்றால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. கம்பெனிக் குழு அமைத்த ஆணையைப் பார்வையில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும் என்பதும் சட்டம். சேர்ந்த முதல் வாரமே அந்தத் தாளைத் தேடிப் பார்த்து, பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.