பயிற்சியில் தாண்டுகிற மகள் போட்டியில் மட்டும் ஏன் ஃபவுல் ஆகிறாள்?

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது. மகள் பாளையங்கோட்டையில் நீளம் தாண்டுதல் பழகுகிறாள், பயிற்சியில் நன்றாகத் தாண்டுகிறாள், மாவட்டப் போட்டியில் மூன்று வாய்ப்பும் ஃபவுல். பயிற்சியாளர் 'பிள்ளைக்கு மனசுல தைரியம் பத்தாது' என்கிறார். விளையாட்டு உளவியல், மனப்பயிற்சி என்கிறார்களே, அது நிஜமா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா என்று கேட்கிறீர்கள்.

நிஜம்தான். ஆனால் அது தைரியம் ஊட்டுகிற வேலை இல்லை.

நான் உளவியல் படித்தவன் இல்லை, சாத்தான்குளம் பக்கத்து ஊர் டீமில் பத்து வருடம் கபடி ரெய்டர், அவ்வளவுதான். கொடை விழா ஆட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ராத்திரி ஃபோகஸ் லைட், சுற்றி ஊர் சனம், மைக்கில் ஒருத்தர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். அப்படி ஓர் இறுதி ஆட்டத்தில் எனக்கு டூ ஆர் டை ரெய்டு வந்தது (எங்கள் டீமின் இரண்டு ரெய்டு அடுத்தடுத்து வெறுமையாகப் போயிருந்தது, மூன்றாவதில் பாயிண்ட் எடுக்காவிட்டால் ரெய்டர் அவுட்). கேப்டன் தோளைத் தட்டி "பயப்படாதலே" என்றார். அதுவரை வயிற்றில் மட்டும் இருந்த பயம் அவர் சொன்ன பிறகுதான் காலுக்கு இறங்கியது. கோட்டைத் தாண்டியதும் என் காலை நானே கவனிக்க ஆரம்பித்துவிட்டேன், இடதை முன்னால் வைக்கணுமா வலதையா என்று. குனிந்தே ஆடிப் பழகியவன் அன்று நிமிர்ந்து நின்றுவிட்டேன், கார்னரில் நின்ற பையன் கணுக்காலைப் பிடித்தான், கதை முடிந்தது.

எங்கள் பெரியப்பா பனையேறி. அவர் மரத்தில் பாதி ஏறியிருக்கும்போது கீழேயிருந்து யாராவது "பார்த்து ஏறுங்க" என்றால் அங்கேயிருந்தே வைவார். சின்ன வயதில் எனக்கு அது கோபம் என்றுதான் தெரியும். பல வருடம் பழகிய காலுக்குத் தானாக ஏறத் தெரியும், நாம் 'பார்த்து' என்றதும் அவர் புத்தி போய்க் காலில் உட்கார்ந்துகொள்ளும், அங்கேதான் வழுக்கும். உளவியலாளர்கள் நெருக்கடியில் ஆட்டம் உடைவதற்குச் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று இதேதான்: தானாக நடக்கிற வேலையை நடுவில் புகுந்து மேற்பார்வை பார்ப்பது.

உங்கள் மகளுக்கும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். தாண்டும் பலகை வெறும் 20 செ.மீ. அகலம். ஓட்டத்தில் முதல் நாலைந்து காலடி படபடப்பில் கொஞ்சம் மாறினாலே கடைசியில் கால் பலகையைத் தாண்டிப் போய்விடும், அதுதான் ஃபவுல். முதல் ஃபவுல் ஆனதும் அடுத்ததில் பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடியிருப்பாள், அப்புறம் கேட்கவா வேண்டும்.

படபடப்பே இல்லாமல் ஆக்க முடியாது, ஆக்கவும் வேண்டாம், கொஞ்சம் இருந்தால்தான் கால் வேகம் எடுக்கும். வேண்டியது அந்த நேரத்தில் புத்திக்கு ஒரு வேலை. பெயர் கூப்பிட்டதிலிருந்து ஓடத் தொடங்கும் வரை என்ன செய்வது என்று ஒரு வரிசை, தினமும் ஒரே மாதிரி: குறியில் காலை வைப்பது, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுவது, மனசுக்குள் ஒரே ஒரு சொல், பிறகு ஓட்டம். எனக்கு அந்தச் சொல் 'தாழ'. உடம்பு தாழ இருந்தால் மற்றது தானாக வரும். அவளுக்கு எது என்பதை அவளே கண்டுபிடிக்கட்டும், ஆனால் 'ஃபவுல் ஆகக்கூடாது' என்பது சொல்லே இல்லை, அது பலகையைத்தான் ஞாபகப்படுத்தும். மூச்சை லேசாக நினைக்காதீர்கள். கபடியில் பயந்தவனுக்குப் பாட்டு (ரெய்டர் மூச்சு விடாமல் சொல்லும் 'கபடி கபடி') சீக்கிரம் அறுந்துவிடும், எதிர் டீம் காதாலேயே கண்டுபிடித்துவிடும்.

இதைப் போட்டி அன்றைக்குப் போய் முதல்முறை செய்து பார்த்தால் ஒன்றுக்கும் ஆகாது. பயிற்சியிலேயே போட்டியைக் கொண்டுவரணும். நாங்கள் பிறகு தெரிந்த அண்ணனிடம் மைக் செட் கேட்டு வாங்கி, களத்துக்குப் பக்கத்தில் அலறவிட்டு ஆடினோம், ஊரே திட்டியது. நீங்கள் வாரம் ஒருநாள் நாலு சொந்தக்காரர்களை உட்கார வைத்து, பெயர் கூப்பிட்டு, மூன்றே மூன்று வாய்ப்பு என்று வைத்துப் பாருங்கள்.

அப்புறம் மனக்காட்சி. கண்ணை மூடிப் பதக்கம் வாங்குவதைக் கற்பனை செய்வது இல்லை, அது பகல் கனவு. தவறு நடந்தால் என்ன செய்வேன் என்பதையும் பார்க்கணும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றும் தெரியவில்லை. கை வீச்சை எண்ணிக்கொண்டே நீந்தித் தங்கம் வாங்கினார், உலக சாதனையோடு. அதே பெய்ஜிங்கில் நம் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவுக்கு இறுதிச் சுற்றுக்கு முன்னால் துப்பாக்கியின் குறி மாறிப்போயிருந்தது, சரிசெய்துகொண்டு சுட்டார். கடைசிக் குண்டுக்கு முன் ஃபின்லாந்துக்காரரும் இவரும் சமம், கடைசிக் குண்டில் அவர் 9.7, இவர் 10.8, தங்கம் இவருக்கு. நாலு வருடம் முன்பு ஏதென்ஸ் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்த அதே பிந்த்ராதான்.

ஆளை வைத்துச் செய்வது கௌரவக் குறைச்சலும் இல்லை. 2024இல் குகேஷ் உலக செஸ் பட்டத்துக்குத் தயாரானபோது கூட இருந்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டன், 2011இல் உலகக் கோப்பை வென்ற கிரிக்கெட் அணியோடும் இருந்தவர். ஆனால் மேடையில் கத்திக் கைதட்டு வாங்கும் ஊக்கப் பேச்சாளரிடம் கூட்டிப் போகாதீர்கள், ராத்திரி ஏறுகிற சூடு காலையில் இறங்கிவிடும். தூக்கம் வரவில்லை, சாப்பிடவில்லை, மைதானம் என்றாலே அழுகிறாள் என்றால் மட்டும் தாமதிக்காமல் முறையாகப் படித்த உளவியலாளரிடம் காட்டுங்கள், அது வேறு விஷயம்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் ஏன் ஃபவுல் ஆச்சு என்று கேட்காமல் வாருங்கள், பசிக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அடுத்த போட்டியில் முதல் தாண்டலுக்குத் தொடக்கக் குறியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைக்கலாமா என்று பயிற்சியாளரிடம் பேசிப் பார்க்கட்டும். கொஞ்சம் நீளம் குறைந்தாலும் ஓர் அளவு பதிவாகிவிட்டால் மற்ற இரண்டையும் நெஞ்சு லேசாகி ஓடலாம். எவ்வளவு தள்ளுவது என்பதை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கேலரியிலேயே இருங்கள் அண்ணாச்சி.