வியட்நாமிய ஓவியர் நுயென் ஜியா ட்ரியின் லாக்கர் (ஒருவகை மரப்பால் பூசித் தீட்டும்) ஓவியங்கள் ஏன் இவ்வளவு விலை? வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் காரணம் உழைப்பு. நுயென் ஜியா ட்ரி (1908–1993) ஹனோயில் பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய இந்தோசீன நுண்கலைப் பள்ளியில் படித்தவர். கோயில் பொருட்களுக்குப் பூசிவந்த மரப்பாலை முழுமையான ஓவிய ஊடகமாக உயர்த்தியவர்களில் முதன்மையானவர். பலகையில் அந்தப் பாலைப் பல அடுக்காகப் பூச வேண்டும். ஈரக்காற்று இருந்தால்தான் அது இறுகும். நடுவே உடைத்த முட்டை ஓட்டையும் தங்க, வெள்ளித் தாள்களையும் பதித்து, கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்கத்தான் அடியில் புதைந்த உருவம் மேலே வரும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலும் போச்சு!

‘மத்திய, தென், வட வசந்தத் தோட்டம்’ என்ற ஒன்பது பலகை ஓவியத்தை 1969-இல் தொடங்கி 1989-இல்தான் முடித்தார். 1991-இல் ஹோ சி மின் நகரம் அதை வாங்கியது; 2013-இல் தேசியப் பொக்கிஷமானது. அதையே பின்னாளில் பாத்திரம் கழுவும் திரவமும் உப்புத்தாளும் போட்டுச் சுத்தம் செய்து கெடுத்த செய்தி 2019-இல் வெளிவந்தபோது மனசு பதறிவிட்டது.

இப்படி வேலை செய்தவரின் படைப்புகள் சந்தைக்கு அரிதாகத்தான் வரும்.

பெரிய ஆபத்து போலிகள். 2016-இல் ஹோ சி மின் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் வைத்த, பிற வியட்நாமிய மேதைகளின் பெயர் தாங்கிய 17 ஓவியங்களும் அந்தப் பெயர்களுக்கு உரியவை அல்ல என்று தெரியவந்தது. அதனால் கையெழுத்தை மட்டும் நம்பாதீர்கள். யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற ஆவணம் இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் பணம் கொடுக்காதீர்கள்.