பழைய மாருதி 800-க்கு வேறு வருஷத்து இன்ஜின்: கேள்வி-பதில்

கேள்வி: 1996 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. புகை தள்ளுகிறது. 2004 எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும்) இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. பொருந்துமா?

பதில்: மவுண்டில் உட்காரலாம்; அப்படியே ஓடாது. இரண்டும் 796 சி.சி., மூன்று சிலிண்டர்தான். ஆனால் எம்.பி.எஃப்.ஐ.க்கு இ.சி.எம். என்ற கட்டுப்பாட்டுக் கணினி, அதன் வயரிங், சென்சார்கள், டேங்குக்குள் மின்சாரப் பம்ப், அழுத்தம் தாங்கும் பெட்ரோல் குழாய் எல்லாம் வேண்டும். உங்கள் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் தரும் அழுத்தம் இன்ஜெக்டருக்குப் போதாது. இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் மலிவு என்ற பேச்சே இருக்காது. கார்புரேட்டர் இன்ஜினே தேடுங்கள், அல்லது இருப்பதை ரீபோர் செய்யுங்கள் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது).

கேள்வி: ஆம்னி இன்ஜின் வாங்கிவிட்டேன். 800-ல் பொருந்தவில்லை. பழைய இன்ஜினை எடைக்குப் போட்டாயிற்று.

பதில்: கேட்டுவிட்டல்லவா வாங்க வேண்டும்? ஆம்னி பின்சக்கர இழுவை, 800 முன்சக்கர இழுவை. சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), மேனிஃபோல்டு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி), மவுண்ட் பிராக்கெட்டுகளைப் பழைய இன்ஜினிலிருந்துதான் கழற்றி மாட்டியிருப்பார்கள். அவற்றை மீட்க இன்றே எடைக்கடைக்கு ஓடுங்கள்.

கேள்வி: பழைய இன்ஜினின் நம்பரையே புது இன்ஜினில் பஞ்ச் செய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: குற்றம். ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி மாற்றுங்கள். 14 நாளுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பரை ஏற்றுங்கள்.

கேள்வி: "ஓட்டிப் பார்த்த இன்ஜின்" என்று விற்றார்கள். 20 நாளில் ஆயில் குடிக்கிறது. "திரும்பப் பெற மாட்டோம்" என்று பில்லிலேயே இருக்கிறதாம்.

பதில்: தவறு உங்களுடையதல்ல. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அந்த அச்சடித்த வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். இன்ஜினை மட்டும் பிரித்துவிடாதீர்கள். பிரித்தால் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்பார்கள். வேறு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளவை எழுத்தில் வாங்கி, விற்ற கடையில் இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை.

"ஓட்டிப் பார்த்தது" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்கி, பிஸ்டன் ரிங் மாற்றச் செலவழித்தவன் நானும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஐந்தாறு சுற்றுச் சுழலவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷனை அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் 14 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்த அலகு) மேல் வித்தியாசமிருந்தால் வேண்டாம். சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். அளக்க மறுக்கும் கடையில் காசு கொடுக்காதீர்கள்.