ராக்கெட் எரிபொருள் கணக்குக்கு மிகச் சிறிய நிரல் எழுதுவது எப்படி?

நான் 33 எழுத்துவரை இறங்கினேன். என் அறையில் இருந்த தஞ்சாவூர்த் தம்பி 31-இல் முடித்தான். அவன் செய்ததுதான் சரியான வழி என்பதால், என் தோல்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு மாரத்தஹள்ளியில் நாங்கள் நான்கு பேர் ஒரே வீட்டில் இருந்தோம். டிசம்பர்தோறும் இணையத்தில் வரும் 'அட்வென்ட் ஆஃப் கோட்' நிரல் புதிர்கள் அமெரிக்கக் கிழக்குக் கரை நள்ளிரவில் வெளியாகும். நமக்குக் காலை 10:30. அன்றைய புதிர், நீங்கள் கேட்ட இதே கணக்கு. யாருடைய நிரல் நீளமோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று பந்தயம். தண்ணீர் லாரி வராத ஞாயிறு அது. ஒரு வாளித் தண்ணீரில் நான்கு பேர் பாத்திரம் என்றால் பந்தயத்தின் கனம் புரியும்.

புதிர் இதுதான்: ஒரு பாகத்தின் நிறையை 3-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 2-ஐக் கழித்தால் அதற்கான எரிபொருள். 14 என்றால் 2. 1969 என்றால் 654. இது முதல் பாதி. இரண்டாம் பாதியில், அந்த எரிபொருளுக்கும் எடை உண்டே, அதைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டாமா என்று கேட்பார்கள். 654-க்கு 216, அதற்கு 70, அப்புறம் 21, 5. அடுத்தது பூச்சியத்துக்குக் கீழே போவதால் நிறுத்திவிடலாம். மொத்தம் 966.

முதலில் ஒன்பது வரியில் ஒரு வொயில் லூப் (நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதினேன். அதைத் தன்னையே அழைத்துக்கொள்ளும் ஒற்றை வரி லாம்டாவாக, அதாவது குட்டி ஃபங்ஷனாக, மாற்றினேன். பைத்தான் என்ற நிரல் மொழியில் அதன் உடல் ஏறக்குறைய இப்படி இருக்கும் (ம என்பது நிறை, எ என்பது எரிபொருள், // என்பது பின்னத்தை விட்டுவிடும் வகுத்தல்):

எ(ம): ம>8 எனில் ம//3-2+எ(ம//3-2)

அந்த 8 எங்கிருந்து வந்தது? எரிபொருளைக் கணக்கிட்டு, அது பூச்சியத்தைவிடப் பெரிதா என்று பார்ப்பது நீளமான வேலை. நிறை 8 என்றால் விடை 0, 9 என்றால் 1. ஆகவே நிறையையே 8-உடன் ஒப்பிட்டால் போதும். 'இல்லாவிட்டால் 0' என்ற பகுதியும் தேவையில்லை, ஏனென்றால் பைத்தானில் 'பொய்' என்பதை ஓர் எண்ணோடு கூட்டினால் அது பூச்சியமாகவே நடந்துகொள்ளும். இப்படி 34 வந்தது. கொஞ்சம் கர்வமும் வந்தது.

ஆனால் ம//3-2 இரண்டு தடவை நிற்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சமயம் புதிதாக வந்திருந்த பைத்தான் 3.8-இன் வால்ரஸ் குறியை (கணக்கிடும்போதே விடைக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள உதவும் :=) போட்டுப் பார்த்தேன். ஒரே ஓர் எழுத்துதான் மிச்சமானது. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாகத்தோட எடையையும் சேர்த்தே கூட்டிட்டு, கடைசியில அதைக் கழிச்சுட்டா என்ன?" என்றான்.

எ(ம): ம>0 எனில் ம+எ(ம//3-2)

அவ்வளவுதான். சூத்திரம் ஒரே தடவை வருகிறது. 29 எழுத்து, அழைத்த இடத்தில் நிறையைக் கழிக்க இன்னும் இரண்டு. நான் குறிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவன் கேள்வியையே மாற்றிவிட்டான். பாத்திரம் நான்தான் கழுவினேன்.

கழுவும்போது தோன்றியது இன்னொன்று. மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, இருபத்தேழில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் பாதியை நெருங்கும். புதிரில் 100756-க்கு விடை 50346. அதன் நேர்பாதி 50378. உத்தேசமாகப் போதும் என்றால் பாதியாக்கினாலே ஆச்சு, நிரலே வேண்டாம்.

நிஜ ராக்கெட் இவ்வளவு தாராளமாக இருக்காது. எனக்குச் சொந்த ஊர் பணகுடிப் பக்கம். இஸ்ரோவின் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி எங்களுக்கு அடுத்த மலை. அதனால் இந்தக் கணக்கில் கொஞ்சம் சொந்த ஆர்வமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், நிஜக் கணக்குக்கான சூத்திரம் புதிரின் நிரலைவிடச் சின்னது. 'எரிபொருளுக்கு எரிபொருள்' என்ற முடிவில்லாத சங்கிலியை நுண்கணிதத்தால் ஒரே சூத்திரமாகச் சுருக்கி, 1903-லேயே ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி வெளியிட்டுவிட்டார். எட்ட வேண்டிய வேகத்தை, எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகத்தால் வகுக்க வேண்டும். வருவதை எக்ஸ்போனென்ஷியலில் (2.718… என்ற எண்ணின் அடுக்காக) போட்டு, 1-ஐக் கழித்து, எரிபொருள் தீர்ந்தபின் மிஞ்சும் நிறையால் பெருக்கினால் முடிந்தது. அந்த 'ஒன்று கழித்தல்' வரைக்கும் பைத்தானின் கணித நூலகத்தில் எக்ஸ்பிஎம்1 என்று ஒரே ஃபங்ஷனாகத் தயாராக இருக்கிறது. தன்னையே அழைக்கும் வேலை எதுவும் இல்லை.

விடைதான் பயமுறுத்தும். தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதைக்கு, காற்றிலும் ஈர்ப்பிலும் வீணாவதையும் சேர்த்து, விநாடிக்கு சுமார் 9.4 கிலோமீட்டர் வேண்டும். வாயு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறினால், மேலே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஏறக்குறைய 22 டன் எரிபொருள். அந்த ஒரு டன்னுக்குள் காலி டேங்கும் எஞ்சினும்கூட அடக்கம். வேகத்தை 4.4 ஆக்கினால் 22 என்பது ஏழரையாக இறங்கிவிடும். கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனை எரித்து அந்த வேகத்தைத் தரும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு இஸ்ரோ இத்தனை ஆண்டுகள் மெனக்கெட்டது இதற்காகத்தான். அப்படியும் 3,900 கிலோ சந்திரயான்-3-ஐ ஏற்றிச் செல்ல சுமார் 640 டன் எடையுள்ள ராக்கெட் தேவைப்பட்டது.

நீங்கள் எழுதிப் பார்ப்பதானால் 14, 1969, 100756 மூன்றுக்கும் விடை சரியாக வந்தபிறகு வெட்ட ஆரம்பியுங்கள். எண்ணையும் அடுத்த சொல்லையும் இடைவெளி இல்லாமல் ஒட்டினால் எழுத்து மிச்சம்தான், ஆனால் அண்மைய பைத்தான் பதிப்புகள் எச்சரிக்கை காட்டும். அப்புறம், நான் மேலே போட்ட 'ம', 'எ' எல்லாம் பைத்தான் 3-இல் செல்லும் பெயர்களே. ஆனால் போட்டியில் எழுத்துக்குப் பதில் பைட் எண்ணினால், யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'ம', 'எ' போன்ற ஒவ்வொரு தமிழெழுத்தும் மூன்று பைட் தின்னும். அங்கே மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.