சருகை அரைக்க 1,85,000 ரூபாயா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 60 வீடுகள். வேம்பு, புங்கன், பாதாம் மரங்களோடு 14 தென்னையும் இருக்கின்றன. தோட்டக் குப்பையை எடுத்துப்போக ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து வந்தோம். அவர் பக்கத்துக் காலி மனையில் கொட்டுகிறார் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். இப்போது 5 குதிரைத்திறன் ஷ்ரெடர் (சருகு, மட்டை, கிளையை அரைத்துத் தூளாக்கும் இயந்திரம்) ஒன்றுக்கு 1,85,000 ரூபாய் விலை சொல்கிறார்கள். அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். வாங்கலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: அடுத்த வாரமே முடிவெடுக்காதீர்கள் அம்மா. கூட்டத்தில் ஒரு மாதம் தவணை கேளுங்கள். அந்த ஒரு மாதமும் சருகு, தென்னை மட்டை, வெட்டிய கிளை மூன்றையும் தனித்தனியாகச் சேர்த்து, எது எத்தனை சாக்கு வருகிறது என்று தோட்டக்காரரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு இயந்திரம் வேண்டுமா என்பதை அந்தக் கணக்கு சொல்லிவிடும்.

உங்கள் தோட்டத்தில் தினமும் விழுவது பெரும்பாலும் சருகுதான். சருகை மக்க வைக்க இயந்திரம் வேண்டியதில்லை. 4 அடி உயரக் கம்பிவலையில் 13 அடி வாங்கி வட்டமாக வளைத்துக் கட்டினால், குறுக்களவு 4 அடியில் ஒரு கூண்டு கிடைக்கும். ஏறக்குறைய 50 கன அடிச் சருகு அதில் அடங்கும். மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சை (வெட்டிய புல், பூஜைப் பூ, காய்கறித் தோல்) என்று அடுக்கி, நடுநடுவே சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளியுங்கள். காய்ந்த சருகு லேசில் தண்ணீரை உள்ளே விடாது. அதனால் சாக்கோடு ஓர் இரவு ஊறவைத்துவிட்டுப் போடுங்கள். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு மூன்று நான்கு மாதத்தில் உரம் தயார். கிளறாமல் விட்டாலும் மக்கும், கூடுதல் காலம் பிடிக்கும், அவ்வளவுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலே தார்ப்பாய் போட மறக்காதீர்கள். மழையில் ஊறிய குவியல் நாறும். அந்த நாற்றத்தால்தான் பல குடியிருப்புகளில் இந்த முயற்சியே நின்றுபோகிறது.

தென்னைக்கு வருவோம். ஒரு மரம் மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டை கழிக்கும். 14 மரம் என்றால் வாரத்துக்கு மூன்று, நான்கு மட்டைதான். ஈர்க்குச்சியை உருவித் துடைப்பம் கட்டலாம். கீற்றை அரிவாளால் துண்டாக்கி மரத்தடியில் பரப்பினால் வெயிலில் மண் காயாது. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலையை மண்புழு உரமாக்கும் முறையையே உருவாக்கித் தந்திருக்கிறது. பத்துப் பங்கு ஓலைக்கு ஒரு பங்கு சாணம், அதில் ஆப்பிரிக்க மண்புழு. நிழலான ஒரு தொட்டி போதும்.

மிச்சம் இருப்பது கிளை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கவாத்து செய்யும்போதுதான் அது மலையாகக் குவியும். அந்த இரண்டு நாளுக்காக 1,85,000 ரூபாய் போடுவதை நான் ஒப்பமாட்டேன். பக்கத்துக் குடியிருப்புகள் மூன்று நான்கு சேர்ந்து ஒரே இயந்திரம் வாங்குங்கள், அல்லது அந்த நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

கணக்குப் பார்த்த பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், விற்பவரின் காணொளியைப் பார்த்து ஏமாறாதீர்கள். காய்ந்த குச்சியை எந்த இயந்திரமும் அரைக்கும். உங்கள் மரத்தில் அன்று விழுந்த பச்சை மட்டையை அடிப்பாகத்தோடு எடுத்துப்போய் உங்கள் கண்முன்னே அரைக்கச் சொல்லுங்கள். தென்னை நார் உள்ளே சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டு இயந்திரம் நிற்பதுதான் வழக்கமான கோளாறு. எங்கள் குடியிருப்பில் வாங்கியது மூன்றாம் வாரமே இப்படி நின்றது. விற்றவர் "மட்டை போடக்கூடாது சார்" என்றார். வாங்கும்போது அதை யாரும் சொல்லவில்லை, பில்லிலும் இல்லை. ஆகையால் எந்தக் கிளை எத்தனை அங்குலத் தடிமன் வரை அரைக்கும், பச்சை மட்டை போடலாமா, பிளேடு செட் என்ன விலை, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். மும்முனை (த்ரீ ஃபேஸ்) மின் இணைப்பு வேண்டுமா என்றும் கேளுங்கள். உங்கள் பொது மீட்டரில் அது இல்லையென்றால் அதற்கும் தனிச் செலவு. அவசரமாக நிறுத்தும் பொத்தானும், கை உள்ளே போகாத அளவுக்கு நீண்ட வாயும் இல்லாத இயந்திரம் எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதை இயக்கப்போவது நாம் அல்ல, தோட்டக்காரர்.

கேள்வி: மாடித் தோட்டத்துக்கு உரத்தொட்டி வாங்கினேன். மாதாமாதம் 'ரீமிக்ஸ்' பொடி வாங்கச் சொல்கிறார்கள். அது இல்லாமல் உரம் ஆகாதா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ஆகும். அந்தப் பொடியில் பெரும்பகுதி தென்னைநார்த் தூள், கொஞ்சம் நுண்ணுயிர்க் கலவை. சமையலறைக் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் அதிகம். அதைச் சமன்செய்யக் கார்பன் நிறைந்த உலர்பொருள் வேண்டும். சருகு அந்த வேலையை அருமையாகச் செய்யும். பிப்ரவரி, மார்ச்சில் வேம்பும் பாதாமும் கொட்டும்போது பத்துச் சாக்கு கட்டிவையுங்கள், வருடம் முழுக்க வரும். ஒரு பிடி காய்கறிக் கழிவுக்கு இரண்டு மூன்று பிடி நொறுக்கிய சருகு. ஒரே தெருவில் ஒரு வீட்டார் சருகைக் குப்பை வண்டியில் போட, அடுத்த வீட்டார் அதே வேலைக்குப் பொடியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது. கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், கேளுங்கள்.

கேள்வி: '24 மணி நேரத்தில் உரம்' என்று மின் இயந்திரம் விற்கிறார்கள். உண்மையா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: ஒரு நாளில் கழிவைச் சூடாக்கி உலர்த்தித் தூளாக்கலாம், அளவும் வெகுவாகக் குறையும். முதிர்ந்த மக்கு உரம் ஒரு நாளில் ஆகாது. அதை நுண்ணுயிர்கள் வாரக் கணக்கில் உழைத்துத்தான் செய்ய வேண்டும். சோதித்துப் பாருங்கள். அந்தத் தூளில் ஒரு கைப்பிடி எடுத்து, ஈரமாக்கி, பாலிதீன் பையில் மூன்று நாள் கட்டிவையுங்கள். திறக்கும்போது மண்வாசனை வந்தால் சரி. புளித்த நாற்றம் வந்தால் அது இன்னும் உரமாகவில்லை. அதில் வெந்தயம் விதைத்தும் பார்க்கலாம். முளை கருகினால் செடிக்குப் போடாதீர்கள். சருகோடு கலந்து மேலும் ஒன்றரை மாதம் மக்க விடுங்கள். வாங்குமுன் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் இழுக்கும் என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

விளம்பரத்தில் சொன்னபடி இயந்திரம் இல்லையென்றால் முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: கொசு போகும் என்று எங்கள் காவலாளி வேப்பஞ்சருகைக் கொளுத்துகிறார். தப்பா?
– வாசகர், தாம்பரம்

பதில்: தப்புதான். அந்தப் புகை முதலில் போவது குழந்தைகளின் நுரையீரலுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும். தோட்டக் கழிவைத் தனியே சேர்த்து வைக்க வேண்டும், பொது இடத்தில் எரிக்கக்கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன. காவலாளியைக் கோபிக்காதீர்கள். கூட்டிய சருகைக் கொட்ட அவருக்கு ஓர் இடம் இல்லை, அதனால் கொளுத்துகிறார். ஒரு கம்பிவலைக் கூண்டு கட்டிக் கொடுங்கள்.

கேள்வி: உரக்குழி போட்ட பிறகு தென்னங்குருத்தை வண்டு குடைகிறது. குழியை மூடிவிடட்டுமா?
– வாசகர், மேடவாக்கம்

பதில்: மூட வேண்டாம் ஐயா. அது காண்டாமிருக வண்டு. மக்கும் குவியலில்தான் முட்டை வைக்கும். குவியலைக் கிளறும்போதெல்லாம் கொழுத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். உரக்கடையில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணம் கேட்டு வாங்கிக் குழியில் கலந்தால் அது புழுக்களைக் கொல்லும். பூஞ்சணம் உயிருள்ளது, ஆகவே பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். வெயிலில் வைத்து விற்பதை வாங்காதீர்கள். மக்கி முடிந்த உரத்தைக் குழியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் சலித்து எடுத்துவிடுங்கள்.